சந்தனத்தின் மேல் போட்ட பழி

தம்பிகளே, தங்கைகளே, கணினி பழுதுபார்க்கும் நம் கடைச் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் விடியற்காலையில் என் காதில் மின்விசிறி ஓடுகிறது. மெர்கோங்கில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதற்கப்பால் வயல். அந்தப் பக்கமிருந்து காற்று வரும்போது எங்கோ ஒரு கணினி மெதுவாகத் தூக்கம் கலைந்து எழுவதாகவே தோன்றும். கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு கிடப்பேன். சத்தம் சீராக வருகிறதா, தடுமாறுகிறதா என்று மனசு தானாகப் பார்க்கும். முப்பத்தொரு வருடப் பழக்கம், லேசில் விடுமா?

வாட்சப் குழுவில் கேட்டிருந்தீர்கள். "அக்கா, கம்ப்யூட்டர் ஏன் படுத்துக்குது, எப்படி எழுப்புறது, உங்க அனுபவத்த எழுதுங்க." எழுதுகிறேன். ஆனால் சூடு, தூசி, இடி மின்னல், ஏறி இறங்கும் கரண்டு, பெட்டிக்குள் குடியேறும் எறும்பு, இதையெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பல்லி முட்டையிட்ட மதர்போர்டைக்கூடப் பார்த்தவர்கள் நீங்கள். நான் சொல்ல வருவது வேறு. இத்தனை வருடத்தில் தனியாகப் படுத்துக்கொண்ட கணினி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு மனிதர் முகம் வெளுத்து நிற்பார். "கடைசியா என்னா செஞ்சீங்க?" என்று கேட்டால், "ஒன்னுமே செய்யல லா" என்பார். எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். நானும் ஒரு நாள் சொன்னேன், வேறு வார்த்தையில்.

அதற்கு முன் பெண்டாங்கில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிது. ஓர் ஆசிரியையின் கணினி. எட்டு வருடமாகத் தன் கையால் தட்டிச் சேர்த்த பாடங்கள் அதற்குள் இருந்தன. ஹார்ட் டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று ஒரு சத்தம். நான் அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடும். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று என் ஆசை அடங்கவில்லை. பதினோராவது தடவை அந்தச் சத்தமும் நின்றுபோனது. உள்ளே சுழலும் தட்டில் முள் உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் சுவிட்சைத் தட்டிய ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் உழைப்பைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். அவர் திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் கட்டிய வயலில் கொக்குகள் நின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டு, "சரி, விடும்மா" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இனி கரங்கான்.

கரங்கானில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஒரு சின்ன அறை. அங்கே ரப்பர் தோட்டத்து மக்களுக்காக ஓர் உதவிக்குழு நடந்தது. பிறந்த பத்திரம் இல்லாதவர்கள், வயது அறுபதை நெருங்கியும் சிவப்பு ஐசியோடு இருப்பவர்கள், அவர்களுடைய காகிதங்களைத் தேடிச் சேர்த்து, குடியுரிமைக்கு எழுதிப் போடுவதுதான் குழுவின் வேலை. உங்கள் வயதுக்காரர்கள் பலருக்குச் சிவப்பு ஐசியைப் பற்றித் தெரியாது. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி முதுகு வளைந்த பிறகும், "நீ இங்கே தங்கிக்கொள்ளலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை" என்று சொல்கிற அடையாள அட்டை அது. அறையைப் பார்த்துக்கொண்டவர் பாக்கியம் அக்கா. தோட்டத்து ஆபீஸில், விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் கிடையாது. கறாரான ஆள். அந்த அறைக் கணினியை நான்தான் போட்டுக் கொடுத்தேன், நான்தான் பராமரித்தேன்.

ஒரு காலை, பசியாற உட்கார்ந்த நேரத்தில் அவர் அழைத்தார்.

"தங்கச்சி, கம்ப்யூட்டர் எழுந்திரிக்க மாட்டேங்குது லா. நீலமா என்னமோ எழுத்து வந்துச்சி, அப்புறம் கருப்பாயிருச்சி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முனியம்மாவுக்கு இண்டர்வியூ. நீ எங்க இருக்க?"

தோசையை அப்படியே மூடி வைத்துவிட்டு வேனை எடுத்தேன். ஒன்றரை மணி நேரப் பயணம். லேசான தூறல். ஜெராய் மலை மேகத்துக்குள் பாதி கரைந்து நின்றது. வழி நெடுக எனக்குக் கவலையே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். பாட்டைப் போட்டுக்கொண்டு, அரைத் தூக்கத்தில் மிதக்கிற மாதிரிப் போனேன். ஏனென்றால் அந்தக் கணினிக்கு பேக்கப், எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று நகல், இருந்தது. நகல் எடுத்து முடிந்தால் திரையில் ஒரு பச்சைக் குறி வரும். மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் போனில் கேட்பேன், "அக்கா, பச்சை டிக் வருதா?" அவர் சொல்வார், "பளிச்சுனு வருது." அவ்வளவுதான் பேச்சு. டிஸ்க் செத்திருந்தால் மாற்றிவிடலாம், பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடலாம், மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

மண்டபத்தில் முந்தின நாள் சரஸ்வதி பூசை நடந்திருந்தது. சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. அறைக்குள் நுழைந்தால், கணினி கல்யாணப் பெண்ணாட்டம் உட்கார்ந்திருந்தது. திரையின் மேல் செவ்வந்தி மாலை, பெட்டியில் மூன்று பட்டை விபூதி, காற்றுத் துளைகளின் மேல் ஈரம் காயாத சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பூசையன்று பொருள்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் அல்லவா? மூன்று வருடமாக அணைக்காமல் ஓடிய பெட்டியை அன்று ஒயரைப் பிடுங்கி ஓய்வாக வைத்திருக்கிறார்கள். மறுநாள் விசயதசமி, நல்ல நேரம் பார்த்து, விளக்கு ஏற்றி, புதிதாகச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். அது எழவில்லை.

பாக்கியம் அக்கா நாற்காலியின் நுனியில் இருந்தார். சுவரோரப் பெஞ்சில் முனியம்மா. அறுபதை நெருங்கிய ஒல்லியான உருவம். நல்ல சேலை கட்டியிருந்தார், மறுநாள் கட்ட வேண்டிய சேலையை இன்றைக்கே கட்டிப் பார்த்தாராம். அவருக்காக அந்தக் கணினியில் இருந்தது ஒரே ஒரு பக்கம். தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு குறிப்பு உண்டு. முதல் தடவை பதிவு இலாகாவுக்குப் போனபோது அதிகாரி அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை நேர்காணலுக்கு வரும்போது நகலைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். அதற்குள் வெள்ளம் வந்து நோட்டுப் புத்தகத்தைக் கூழாக்கிவிட்டது. பாக்கியம் அக்கா முன்பே ஸ்கேன் செய்து வைத்ததுதான் மிச்சம். முனியம்மா பிறந்தார் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

"எதையாவது சொருகினீங்களா அக்கா? பென்டிரைவ், போன், எதாச்சும்?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இல்லையே. நான் எதுக்குச் சொருகப் போறேன்?" என்று அவசரமாகச் சொன்னார்.

பெட்டியில் காதை வைத்து, ஒரே ஒரு முறை சுவிட்சைப் போட்டேன். டிக், டிக். உடனே அணைத்தேன். கை தானாக விலகியது. பரவாயில்லை, பேக்கப்பை எடுப்போம் என்று, அது இருக்கும் டிஸ்கைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை.

குனிந்த நிலையிலேயே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், கணினியைப் பொருத்திய அன்று, பேக்கப்புக்கான தனி டிஸ்கைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அடுத்த வாரம் கொண்டு வரலாம், அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, இருந்த ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு நகல் எடுக்கும்படி வைத்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பாக்கியம் அக்கா பார்த்த பச்சை டிக் பொய்யில்லை. நகல் ஒழுங்காகத்தான் எடுக்கப்பட்டது, அதே தட்டின் மேல். தட்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். இதை முதல் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான், வெட்கக்கேடு!

மேசைக்கு அடியிலிருந்து எழுந்திருக்க மனசு வரவில்லை. அந்த அரை இருட்டில், தூசி வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டால் நேரம் நின்றுவிடும், நாளை என்பது வராது என்று ஒரு நினைப்பு.

அப்போது மேலே பாக்கியம் அக்காவின் குரல் கேட்டது. "சந்தனந்தானே தங்கச்சி? நாந்தான் கொழைச்சி வச்சேன். ஓட்டை மேல வைக்காதேன்னு நீ அப்பவே சொன்ன. தண்ணி உள்ள எறங்கிருச்சா?"

நான் எழுந்து நின்று சொன்ன பதிலை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். "இருக்கலாம் அக்கா. ஈரம் ஆகாதுதான்."

பார்த்தீர்களா? ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஈரம் ஆகாதுதான். ஓய்ந்து கிடந்த பழைய டிஸ்க் மறுபடி எழாமல் போவதும் உண்டுதான். பூசையின் மேல் பழியைப் போட எனக்குப் பாதி நியாயம் கையில் இருந்தது. அந்தப் பாதியை வைத்து மீதியை மூடிவிட்டேன். அவர்களே நீட்டிய பழி, வாங்கிக்கொள்வதில் என்ன சிரமம்?

பாக்கியம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முனியம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கணினியின் மேலிருந்த மாலையை இரண்டு கையாலும் கழற்றினார்.

"பாக்கியம், நீ ஏன் அழுவுற? மாலைய வாங்கியாந்து போட்டது நானு. பாசார்ல அஞ்சி கடை ஏறி எறங்கி, நல்ல பூவா பாத்து வாங்குனேன். நாளைக்கு நம்ம காரியத்த நடத்திக் கொடு ஆத்தான்னு வேண்டிக்கிட்டு நாந்தான் போட்டேன். என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். ஒன் மேல என்னா தப்பு?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பசியாறினியாம்மா? அம்மாந்தூரத்துலேருந்து வந்திருக்க" என்றார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவப் போகிறேன் என்று வெளியே வந்தேன். குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். மண்டபத்துக்குப் பின்னால் செம்பனை வரிசை வரிசையாகப் போய்ப் பச்சை இருட்டில் மறைந்தது. மழை பலத்தது, அந்த மரங்களின் மேல் விழும் சத்தம் தூரத்திலிருந்து என்னை நோக்கி நடந்து வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பெண்டாங் ஆசிரியையின் முகம் வந்தது, கொக்குகள் வந்தன. என் கடை, இத்தனை வருடம் சேர்த்த பெயர், கரங்கானில் யார் கணினி கெட்டாலும் "அந்த அக்காவைக் கூப்பிடு" என்கிற பேச்சு, எல்லாம் வந்தது. இது யாருக்கும் தெரியப்போவதில்லை. டிஸ்கைத் திறந்து பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள்? ஆனால் அந்த அம்மா தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டதாக நினைத்து வீட்டுக்குப் போவார். மாலை போட்டதற்காகச் சாகும்வரை தன்னையே நொந்துகொள்வார். அதை நினைத்ததும் எனக்கு என் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. தண்ணீரை மூடினேன்.

உள்ளே போய், உட்காராமல் சொன்னேன். "அக்கா, சந்தனமும் இல்ல, மாலையும் இல்ல. டிஸ்க் பழசு, அது போற நேரம் போயிருக்கு. ஆனா அது போனாலும் ஒன்னும் ஆகாம இருக்கத்தான் பேக்கப். அத நான் ஒழுங்கா வைக்கல. தனியா டிஸ்க் கொண்டாறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன். அதே டிஸ்க்குக்குள்ளயே வச்சிட்டுப் போயிட்டேன். கொஞ்சம் முன்னால நீங்க சந்தனமான்னு கேட்டப்ப, வாயத் தொறந்து இத சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது."

பாக்கியம் அக்கா முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் சிவந்தது.

"மூணு வருசமா பச்ச டிக்கு, பச்ச டிக்குனு கேட்டியேம்மா! அத பாத்துப் பாத்து நிம்மதியா தூங்குனேனே! அறுவது பேரு காகிதம் அதுக்குள்ள இருக்கு. ஒன்ன நம்பித்தானே..." மேசையைத் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதானே?

திட்டு ஓய்ந்தது. பாக்கியம் அக்கா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு ஒரு குரலில், மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... வைரஸ் இல்லையா?"

"எந்த வைரஸ்?"

"நெசமாவே இல்லையா?"

"இல்ல அக்கா."

சட்டென்று எழுந்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மோட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எங்கே போகிறார் என்று எனக்கோ முனியம்மாவுக்கோ தெரியாது. நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். முனியம்மா அந்த மாலையை மடியில் வைத்து, ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப இதுனால இல்ல" என்று எனக்கா, தனக்கா, பூவுக்கா என்று தெரியாமல் இரண்டு தடவை சொன்னார்.

கால் மணி நேரத்தில் பாக்கியம் அக்கா நனைந்துகொண்டு திரும்பி வந்தார். மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பென்டிரைவை என் முன்னால் வைத்தார்.

"நீ கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். பொய். இங்க உள்ளவங்க காகிதம் இந்த ரூம விட்டு வெளிய போகக்கூடாதுன்னு குழுவுல எழுதி கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா என் வீட்டுக்காரருக்கு கைகால் இழுத்துக்கிட்டதுலேருந்து நான் இங்க வந்து ரொம்ப நேரம் உக்கார முடியல. இதுல ஏத்திக்கிட்டுப் போயி வீட்டுல வச்சி வேலை செஞ்சேன். அவருக்குக் கஞ்சி ஊட்டுற கையோட டைப் அடிச்சேன். இன்னிக்கி இது படுத்தவுடனே, இத சொருகிச் சொருகி நாந்தான் வைரஸ ஏத்திட்டேன்னு நெனச்சேன். சந்தனம்னு சொன்னா அதோட போயிரும்னு..." தலையைத் திருப்பிக்கொண்டார். "நீ ஒன் தப்ப சொல்லலன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன் லா."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்த அறையில் இரண்டு பேர் ஒரே சந்தனத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். மீட்க வேண்டியது அந்தப் பெட்டிக்குள் இல்லவே இல்லை, ஒரு வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. மென்பொருள் எதுவும் அதைக் கண்டுபிடித்திருக்காது. உங்களைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் பயத்தில் எதையாவது மறைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். அதட்டினால் இன்னும் ஆழமாக மறைப்பார்கள். உங்கள் பக்கம் தப்பு இருந்தால் அதை முதலில் மேசை மேல் வையுங்கள். கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

முடிவு என்ன ஆயிற்று என்று பதறாமல் இருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன். முனியம்மாவுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தது. பல மாதம் அலைந்த பிறகு, ஆனால் கிடைத்தது. பாக்கியம் அக்கா குழுவிடம் தானே போய்ச் சொன்னார், நானும் கூடப் போய் என் பங்கைச் சொன்னேன். அவரை வைத்துக்கொண்டார்கள், கணினி பார்க்க எனக்குப் பதில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அது நியாயம்தான், எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் என் மனசு திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த மத்தியானத்தில்தான். பென்டிரைவை அந்தப் பெட்டியில் சொருகவில்லை. என் மடிக்கணினியில் போட்டு, எதையும் திறக்காமல், முதலில் முழுவதையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். கோப்புகளுக்குப் பாக்கியம் அக்கா ஆள் பெயர் வைக்கவில்லை. தோட்டத்து வழக்கப்படி, வீட்டு வரிசையான லயத்தின் எண்ணும் வீட்டு எண்ணும்தான் வைத்திருந்தார். "ஆறாவது லயம், பதினோராவது வீடு" என்றார். இருந்தது. தட்டினேன். திரையில் மெதுவாக, மேலிருந்து கீழாக, பழுப்பேறிய ஒரு பக்கம் இறங்கி வந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. மருத்துவச்சியின் கையெழுத்து கோணல்மாணலாக ஓடியது.

முனியம்மா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பக்கத்துக்காக எத்தனையோ ஆபீஸ் படி ஏறியிருக்கிறார், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குப் படித்துக் காட்டியதில்லை. பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு எல்லாரும் மூடிவிடுவார்களாம். "என்னா போட்டிருக்கும்மா?" என்று கேட்டார்.

பாக்கியம் அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி. அதற்குக் கீழே இரண்டு வரி. "பொம்பளப் புள்ள. விடியக்காலம், பெரட்டுக்கு ஆள் சேருற நேரம். நல்ல சத்தமா அழுதுச்சி. வேலைக்கு நின்ன ஆளுங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

முனியம்மா திரையில் அந்த வரி இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். பாக்கியம் அக்கா காட்டினார். அதன் மேல் விரலை வைத்தார்.

"பாத்தியா," என்றார். "நான் பொறந்தது எல்லாருக்கும் கேட்டிருக்கு."